இங்கிலாந்தில் அந்தரங்க உடற்பரிசோதனை: ஷாப்பரோனைக் கேட்டுப் பெறுவது எப்படி?

மார்பகம், பிறப்புறுப்பு, மலக்குடல் ஆகியவற்றைப் பார்க்கவோ தொடவோ வேண்டிய பரிசோதனை நடக்கும்போது, மருத்துவரையும் நோயாளியையும் தவிர, பயிற்சி பெற்ற இன்னொருவர் அறையில் இருந்து நடப்பதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்க இங்கிலாந்தில் வழி உண்டு. அவரை இங்கே ஷாப்பரோன் என்கிறார்கள். புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே தெரிவதில்லை. தெரிந்தவர்களும் அதை எப்போது, யாரிடம் கேட்பது என்று அறியாமல் பரிசோதனைக் கட்டிலில் படுத்த பிறகு தயங்குகிறார்கள். என் தாயாருக்காக இதை ஏற்பாடு செய்ய அலைந்தபோது விசாரித்தும் படித்தும் அறிந்துகொண்டவற்றை, அடுத்து வருபவர்களுக்குப் பயன்படும்படி வரிசைப்படுத்தி எழுதுகிறேன். முறையீடு, கட்டணம் பற்றியவை இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். மருத்துவர்களின் கடமை பற்றியவை ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கும் பொருந்தும்.

1. சட்டம் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

"ஷாப்பரோன் இல்லாமல் பரிசோதனை செய்வது குற்றம்" என்று சொல்லும் தனிச் சட்டம் இங்கே இல்லை. அப்படி ஒன்று இருப்பதாக நினைத்துக்கொண்டு வரவேற்பு மேசையில் வாதாடினால் காரியம் கெடும். நமக்கு உதவுவது இரண்டு அடுக்குகளாக இருக்கிறது.

முதல் அடுக்கு, மருத்துவர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஜி.எம்.சி. என்ற பொது மருத்துவ மன்றத்தின் வழிகாட்டுதல். அந்தரங்கப் பரிசோதனைக்கு முன் மருத்துவர் தாமாகவே நோயாளியிடம் ஷாப்பரோன் வேண்டுமா என்று கேட்க வேண்டும் என்று அது சொல்கிறது. மருத்துவரும் நோயாளியும் ஒரே பாலினத்தவராக இருந்தாலும் கேட்க வேண்டும். ஆகவே பெண் மருத்துவரிடம் செல்லும் பெண்ணும், ஆண் மருத்துவரிடம் செல்லும் ஆணும் இதைக் கேட்டுப் பெறலாம். வழிகாட்டுதலைக் கடுமையாகவோ தொடர்ந்தோ மீறும் மருத்துவரின் பதிவே கேள்விக்குள்ளாகலாம் என்பதால், இதை வெறும் அறிவுரை என்று எண்ண வேண்டாம்.

இரண்டாவது அடுக்கு, மருத்துவ நிலையங்களைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள். இவற்றின் 10ஆவது விதி நோயாளியின் கண்ணியத்தையும், 11ஆவது விதி சம்மதத்தையும், 13ஆவது விதி முறைகேடான நடத்தையிலிருந்து பாதுகாப்பையும் நிலையங்களின் சட்டக் கடமையாக்குகின்றன. சி.கியூ.சி. என்ற கண்காணிப்பு ஆணையம் ஆய்வுக்கு வரும்போது, ஷாப்பரோன் ஏற்பாடு எப்படி இருக்கிறது என்றும் பார்க்கும். ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவர்களின் நிலையங்கள் பெரும்பாலானவற்றின் காத்திருப்பு அறையில் "ஷாப்பரோன் வேண்டுமானால் கேளுங்கள்" என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டிருப்பதற்கு இதுவே காரணம்.

எந்தப் பரிசோதனை அந்தரங்கமானது என்பதையும் குறுக்கிப் பார்க்க வேண்டாம். ஆடையை விலக்குவதோ, மருத்துவர் மிக நெருங்கி வருவதோ கூடச் சிலருக்குச் சங்கடமாக இருக்கும் என்பதை ஜி.எம்.சி. வழிகாட்டுதலே ஏற்கிறது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பதற்கோ, விளக்கை அணைத்துவிட்டு கண்ணுக்குள் பார்ப்பதற்கோ ஷாப்பரோன் வேண்டும் என்று ஒருவர் கேட்டால் அது மிகையான கோரிக்கை ஆகாது.

2. கூட வரும் உறவினர், மொழிபெயர்ப்பாளர், ஷாப்பரோன்: மூவரும் வேறு வேறு

நம்மவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கணவரோ மகளோ அறையில் இருந்தால் ஷாப்பரோன் தேவையில்லை என்று நாமும் நினைக்கிறோம். சில நேரங்களில் நிலையத்தினரும் அப்படியே சொல்கிறார்கள். "மகள் கூடவே இருக்கிறாரே, போதாதா?" என்று எங்களிடமும் கேட்டார்கள். போதாது. உறவினர் நடுநிலையான சாட்சி அல்லர் என்பது ஜி.எம்.சி.யின் தெளிவான நிலை. எந்தப் பரிசோதனையை எப்படிச் செய்வது முறை என்று உறவினருக்குத் தெரியாது. தெரியாதவரால் முறை தவறியதையும் கண்டுபிடிக்க முடியாது. ஷாப்பரோன் பெரும்பாலும் செவிலியராகவோ சுகாதார உதவியாளராகவோ இருப்பார். பரிசோதனையின் நடைமுறை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது முடியும்வரை அறையில் இருக்க வேண்டும். மருத்துவர் செய்வது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். தவறாக ஏதேனும் பட்டால் அதை உரியவர்களிடம் தெரிவிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

உறவினரை வெளியே அனுப்ப வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. நோயாளி விரும்பினால் மகளும் இருக்கலாம், ஷாப்பரோனும் இருக்கலாம். ஆனால் விருப்பம் நோயாளியுடையதாக இருக்க வேண்டும். மாமியாரோ கணவரோ உள்ளே வருவதை நோயாளி விரும்பாமலும் இருக்கலாம். அவர்கள் முன்னிலையில் அதைச் சொல்வது கடினம் என்பதால், மருத்துவரிடம் தனியாக ஒரு நிமிடம் பேச வேண்டும் என்று கேட்பதே போதும். மருத்துவர்கள் இதை வியப்பாகப் பார்ப்பதில்லை.

மொழிபெயர்ப்பாளரின் வேலை முற்றிலும் வேறானது. என்.எச்.எஸ். என்ற அரசுப் பொது மருத்துவச் சேவையின் சிகிச்சையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகப் பெறலாம். அதற்கு நீங்கள் ஆள் தேட வேண்டியதில்லை, பணம் கட்ட வேண்டியதும் இல்லை. பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. வளர்ந்த பிள்ளைகளைக் கூட நான் பரிந்துரைக்க மாட்டேன். மாதவிடாய் பற்றியோ சிறுநீர்க் கசிவு பற்றியோ மகனை வைத்துக்கொண்டு எந்தத் தாய் முழுமையாகப் பேசுவார்? நேரில் வரும் மொழிபெயர்ப்பாளர், பரிசோதனை நடக்கையில் திரைக்கு வெளியே நின்றபடியே பேசலாம். தொலைபேசி வழியாக இணைபவராக இருந்தால் பார்க்கப்படும் கூச்சமே இல்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே, அந்தரங்கப் பரிசோதனைக்குத் தொலைபேசி மொழிபெயர்ப்பு மேல் என்பது என் கருத்து.

3. நேரம் குறிக்கும்போதே கேளுங்கள்

பரிசோதனை அன்று அறைக்குள் சென்றபின் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த நேரத்தில் பயிற்சி பெற்றவர் எவரும் இல்லையென்றால் வேறொரு நாளுக்குத் தள்ளிப்போடுவார்கள். மாலை நேரத்திலும் சனிக்கிழமையிலும் ஊழியர்கள் குறைவாக இருப்பதால் இது எளிதில் நடக்கும். தொலைபேசியில் நேரம் கேட்கும்போதே மூன்று செய்திகளைச் சொல்லிவிடுங்கள்: ஷாப்பரோன் வேண்டும், அவர் பெண்ணாக (அல்லது ஆணாக) இருக்க வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். மொழிபெயர்ப்புடன் பேச இரு மடங்கு நேரம் பிடிக்கும் என்பதால், இரட்டை நேரம் ஒதுக்கும்படியும் கேளுங்கள். இணையப் படிவம் வழியாக நேரம் கேட்பவர்கள் இவற்றை அந்தப் படிவத்திலேயே எழுதிவிடுவது நல்லது; எழுத்தில் இருப்பதை யாரும் பிறகு மறுக்க முடியாது.

ஆங்கிலம் பழகாத பெரியவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள ஒரே ஒரு வாக்கியம்: "ஐ வுட் லைக் எ ஃபீமேல் ஷாப்பரோன், ப்ளீஸ்." ஆண்கள் "ஃபீமேல்" (பெண்) என்ற இடத்தில் "மேல்" (ஆண்) என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

பெண் மருத்துவரே வேண்டும் என்று கேட்பது வேறொரு கோரிக்கை. ஜி.பி. நிலையத்தில் குறிப்பிட்ட மருத்துவரை விரும்புவதாகத் தெரிவிக்கவும், அதை நிறைவேற்ற நிலையம் முயலவும் என்.எச்.எஸ். அரசியலமைப்பு என்ற நோயாளி உரிமை ஆவணம் இடமளிக்கிறது. முயல்வதுதான் கடமை, உறுதி தருவது அன்று. சில நாட்கள் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். நோயின் தன்மை அவசரமானது என்றால், பெண் ஷாப்பரோனுடன் ஆண் மருத்துவரிடம் இன்றே காட்டுவதா, அடுத்த வாரம் பெண் மருத்துவரிடம் காட்டுவதா என்பதை மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

4. ஆவணங்களும் செலவும்

ஷாப்பரோனுக்கு என்.எச்.எஸ்.ஸில் கட்டணம் கிடையாது. படிவமும் கிடையாது, வாய்மொழிக் கோரிக்கையே போதும். ஜி.பி. நிலையத்தில் பதிவு செய்யவும் கட்டணம் இல்லை. அதற்கு அடையாளச் சான்றோ முகவரிச் சான்றோ குடியேற்ற நிலைக்கான ஆவணமோ கட்டாயம் இல்லை. அவை இல்லை என்ற காரணத்துக்காகப் பதிவை மறுக்கவும் கூடாது. கேட்டால், இருப்பதைக் காட்டிவிடுங்கள். வேலை விரைவில் முடியும்.

மருத்துவமனைக் கணக்கு வேறு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள் விண்ணப்பிக்கும்போதே குடியேற்றச் சுகாதாரக் கட்டணம் செலுத்தியிருப்பார்கள். 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு அது ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கும் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் 776 பவுண்டு. அவர்களிடம் மருத்துவமனைப் பரிசோதனைக்குத் தனியே பணம் கேட்க மாட்டார்கள். ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர் நிலை அப்படியல்ல. ஜி.பி.யைப் பார்ப்பது அவர்களுக்கும் இலவசம். ஆனால் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டால், என்.எச்.எஸ்.ஸின் வழக்கமான செலவில் 150 விழுக்காடு வரை வசூலிப்பார்கள். எனவே, ஜி.பி. பரிந்துரைக் கடிதம் எழுதும் முன்பே பயணக் காப்பீட்டு ஆவணத்தை எடுத்துப் பாருங்கள்.

தனியார் மருத்துவரிடம் செல்வதாக இருந்தால், ஷாப்பரோன் கட்டணத்தில் அடங்குமா என்று நேரம் குறிக்கும்போதே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். தனியாராக இருந்தாலும் ஜி.எம்.சி. பதிவு பெற்ற மருத்துவருக்கு அதே கடமைதான். மருத்துவரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா, அவர்மேல் ஏதேனும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஜி.எம்.சி. இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். உடலைத் தொட்டு வைத்தியம் செய்யும் மாற்று மருத்துவர்கள் பலருக்கு இங்கே சட்டபூர்வப் பதிவே கிடையாது, ஹோமியோபதி அப்படிப்பட்டதுதான். இங்கு சொல்லும் முறையீட்டு வழிகளில் பல அவர்களிடம் செல்லுபடியாகாது என்பதை அறிந்தே செல்லுங்கள்.

5. பரிசோதனை அறைக்குள்

ஆடையைக் கழற்றும் முன் மருத்துவர் சொல்ல வேண்டியவை சில உண்டு: இந்தப் பரிசோதனை ஏன் தேவை, எப்படிச் செய்யப்படும், வலிக்குமா. இவற்றைச் சொல்லிச் சம்மதம் பெற்ற பிறகே தொடங்க வேண்டும். ஆடை மாற்றத் திரையோ தனியிடமோ தர வேண்டும். நீங்கள் கேட்காமல் ஆடையைக் கழற்ற உதவக் கூடாது. தேவையான பகுதி தவிர மற்றவை போர்த்தப்பட்டிருக்க வேண்டும். சம்மதம் என்பது ஒருமுறை தந்தால் திரும்பப் பெற முடியாதது அன்று. நடுவில் "ஸ்டாப்" என்று சொன்னால் அவர் நிறுத்தியாக வேண்டும்.

ஷாப்பரோன் திரைக்கு உள்ளே நிற்கிறாரா என்று பாருங்கள். திரைக்கு வெளியே கணினியில் தட்டிக்கொண்டிருப்பவர் ஷாப்பரோன் ஆக மாட்டார். இதைப் பலர் கவனிப்பதில்லை. கவனித்தாலும் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். "தயவுசெய்து உள்ளே வந்து நில்லுங்கள்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவருடைய பெயரையும் பணியையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில நிலையங்களில் வரவேற்பு ஊழியரே ஷாப்பரோனாக வருவார். பயிற்சி பெற்றிருந்தால் அது ஏற்கத்தக்கதே. ஆனால் உங்கள் தெருவில் குடியிருப்பவராகவோ, ஊர்ச் சங்கத்தில் தெரிந்தவராகவோ அவர் இருந்தால், வேறொருவரைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஷாப்பரோன் இல்லை என்று சொல்லிவிட்டால்? காத்திருப்பதால் உடல்நிலைக்குக் கேடு வராது என்றால், மருத்துவர் பரிசோதனையைத் தள்ளிவைக்கலாம்; நீங்களும் அதைக் கேட்கலாம். இரத்தப்போக்கு, கடும் வலி போன்ற அவசர நிலையில் ஆள் வரும்வரை காத்திருக்கச் சொல்லி அடம்பிடிப்பது உங்களுக்கே ஆபத்து. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. நீங்கள் ஷாப்பரோன் வேண்டாம் என்று சொல்லலாம். மருத்துவரோ ஷாப்பரோன் இல்லாமல் செய்யத் தயங்கலாம். அப்போது காரணத்தை விளக்கி, வேறொரு மருத்துவரிடம் அனுப்ப முன்வருவது அவர் கடமை. உங்களை வற்புறுத்துவது அன்று.

மருத்துவ மாணவர்கள் அறையில் இருந்தால் அவர்களைப் பற்றி உங்களிடம் முன்பே கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் சிகிச்சையின் தரம் குறையாது. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்திடும்போது கூடுதல் கவனம் தேவை: மயக்கத்தில் இருக்கையில் செய்யப்படும் அந்தரங்கப் பரிசோதனைக்கும், மாணவர் செய்யும் பரிசோதனைக்கும் முன்கூட்டியே, பெரும்பாலும் எழுத்தில், உங்கள் சம்மதம் பெற வேண்டும். படிவத்தை மொழிபெயர்ப்பாளர் முழுவதும் படித்துச் சொன்ன பிறகே கையெழுத்திடுங்கள்.

6. பிள்ளைகளும், சொந்தமாக முடிவெடுக்க இயலாத பெரியவர்களும்

குழந்தைக்குப் பெற்றோர் உடனிருப்பது இயல்பு. ஆனால் அந்தரங்கப் பரிசோதனைக்கு ஷாப்பரோனும் கூடுதலாக வேண்டும் என்று கேளுங்கள். பதினாறு, பதினேழு வயதினர் தாங்களே சம்மதம் தரலாம். அதற்கும் குறைந்த வயதினர் விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் உடையவர் என்று மருத்துவர் கருதினால், பெற்றோர் வெளியே இருக்க அந்தப் பிள்ளை கேட்டுக்கொள்வதும் ஏற்கப்படும். அதைத் தம்மை அவமதித்ததாகப் பெற்றோர் எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அது தேவையற்ற வருத்தம்.

மறதி நோய் போன்றவற்றால் சம்மதம் தர இயலாத பெரியவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, அவருக்கு எது நன்மை என்று பார்த்து முடிவெடுப்பார்கள். மகனோ மகளோ என்பதனால் மட்டும் அவர் சார்பில் சம்மதக் கையெழுத்திடும் அதிகாரம் நமக்கு வந்துவிடாது. அவர் நமக்கு எழுதித்தந்த, உடல்நலம் சார்ந்த நிரந்தர அதிகாரப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும்.

7. பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று பாருங்கள்

ஷாப்பரோன் வேண்டுமா என்று கேட்டதையும், நீங்கள் சொன்ன பதிலையும், உடனிருந்தவர் யார் என்பதையும் மருத்துவர் குறிப்பில் எழுத வேண்டும். என்.எச்.எஸ். செயலியில் உங்கள் ஜி.பி. குறிப்புகளைப் பார்க்கும் வசதி இருந்தால், வீடு திரும்பியதும் அதைத் திறந்து பாருங்கள். கேட்கவே கேட்காமல் "வேண்டாம் என்றார்" என்று பதிவாகியிருந்தால், நினைவு மங்குமுன் நிலைய மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பித் திருத்தம் கோருங்கள்.

செயலியில் தெரியாவிட்டால், உங்கள் பதிவுகளின் பிரதியைத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கட்டணம் இல்லை. ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம். ஏதோ தவறு நடந்தது என்ற ஐயம் இருந்தால், முறையீடு எழுதுவதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

8. முறையிட வேண்டி வந்தால்

நிகழ்ந்த நாளிலிருந்து, அல்லது தவறு என்று உணர்ந்த நாளிலிருந்து, 12 மாதத்துக்குள் முறையிட வேண்டும். ஜி.பி. நிலையத்திடமே முறையிடலாம், அல்லது அந்தப் பகுதியின் என்.எச்.எஸ். சேவைகளைக் கவனிக்கும் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியத்திடம் முறையிடலாம். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், நிலையத்தின் மேல் நம்பிக்கை இழந்தவர்கள் நேரே வாரியத்துக்கு எழுதுவது நல்லது. மருத்துவமனை என்றால் அங்கே பால்ஸ் என்ற நோயாளி உதவிப் பிரிவு உண்டு. சிறிய சிக்கல்களை அங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். முறையீடு கிடைத்ததை மூன்று வேலை நாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் பதில் தராவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதில் நிறைவளிக்காவிட்டால் நாடாளுமன்ற மற்றும் சுகாதாரக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம், அதுவும் இலவசம்தான். முறையீடு எழுத உதவும் இலவச ஆலோசகர்களும் ஒவ்வொரு பகுதியிலும் உண்டு; உங்கள் நகராட்சியைக் கேட்டால் விவரம் கிடைக்கும்.

மருத்துவரின் நடத்தையே ஐயத்துக்குரியது என்றால் ஜி.எம்.சி.க்கு எழுதுங்கள், செவிலியர் என்றால் செவிலியர் மன்றத்துக்கு. ஜி.எம்.சி. பொதுவாக ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட நிகழ்வுகளை எடுத்துக்கொள்வதில்லை. பொதுநலன் கருதி விதிவிலக்கு அளிப்பதுண்டு.

சம்மதமின்றிப் பாலியல் நோக்கோடு தொட்டது என்று தோன்றினால் அது முறையீட்டுப் படிவத்தோடு நிற்கும் விஷயம் அல்ல, குற்றம். காவல்துறையை 101 என்ற எண்ணிலும், உடனடி ஆபத்து என்றால் 999 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மொழிபெயர்ப்பாளரை அவர்கள் இணைத்துத் தருவார்கள். காவல்துறையிடம் செல்ல மனமில்லாதவர்கள், பாலியல் வன்முறைக்கு உள்ளானோருக்கான என்.எச்.எஸ். உதவி மையத்துக்கு நேரே செல்லலாம். அங்கே கட்டணம் இல்லை. புகார் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவும் மாட்டார்கள். பின்னாளில் புகார் கொடுக்க நினைத்தால் பயன்படும்படி தடயங்களைச் சேகரித்து வைக்கவும் அவர்களால் முடியும். அதற்கு முதல் சில நாட்கள் மிக முக்கியம். அன்று அணிந்திருந்த ஆடையைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.